மூன்று வேலைநாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும்: எல்லை தாண்டும் அழைப்பாணையும் ஒப்பந்த ஷரத்துகளும்

பிராது தாக்கலாகும் நாளிலேயே ஒரு வழக்கு பதிவேட்டில் எண் பெற்றுவிடுகிறது என்றாலும், அது எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்தத் தொடங்குவது அழைப்பாணையும் பிராதின் நகலும் பிரதிவாதியிடம் முறைப்படி சேர்ந்த பிறகே. இந்தச் சேர்ப்பித்தலைத் தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் ‘சார்வு செய்தல்’ என்பர். அமீனா வீடு தேடி வந்து கையெழுத்து வாங்குவதும், வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவதும், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் வருவதும் தமிழ்நாட்டு ஊர்களில் எல்லோரும் அறிந்தவை. வழக்குப் போட்டதே தெரியாது என்று ஒருவர் பின்னாளில் பொய் சொல்லித் தப்பாதபடி தடுப்பதும், உண்மையிலேயே தெரியாமல் போனவருக்கு எதிராகத் தீர்ப்பு எழாதபடி காப்பதுமாகிய இரண்டு வேலைகளைச் சார்வு ஒருங்கே செய்கிறது. விசாரணை எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும், சார்வில் பழுது இருக்குமானால் தீர்ப்பின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

பிரதிவாதி வேறொரு நாட்டில் இருக்கும்போது இந்த எளிய செயல் சிக்கலாகிவிடுவதற்குத் தொலைவு மட்டும் காரணமன்று. சார்வு என்பது யாருடைய செயல் என்பதிலேயே உலகின் சட்ட மரபுகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலச் சட்ட மரபில், குறிப்பாக அமெரிக்காவில், அது பெரும்பாலும் வாதி தன் பொறுப்பில் செய்துகொள்ளும் அறிவிப்பு. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளின்படி வழக்கில் தரப்பினராக இல்லாத, 18 வயது நிறைந்த எவரும் அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஜெர்மனி, சீனா போன்ற நாடுகளிலோ சார்வு என்பது நீதிமன்றம் தன் அதிகாரத்தைச் செலுத்தும் அரசுச் செயல். அயல்நாட்டு வக்கீல் ஒருவர் தம் விருப்பப்படி கூரியரில் அழைப்பாணை அனுப்புவதை அந்நாடுகள் தம் இறையாண்மைக்குள் நுழைவதாகவே பார்க்கின்றன. ஒரே உறை, அனுப்பும் ஊரில் சாதாரணக் கடிதமாகவும் சேரும் ஊரில் அத்துமீறலாகவும் ஆகிவிடும் இந்த நிலைதான் பின்னாளில் வந்த எல்லாச் சிக்கல்களுக்கும் வேர்.

பிரான்சு வழியில் வந்த சில சட்டங்களில் இதற்கு நேர்மாறான ஓர் ஆபத்து இருந்தது. பிரதிவாதி அயல்நாட்டில் இருந்தால் வழக்குத் தாள்களை உள்ளூர் அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டாலே சார்வு முடிந்ததாகக் கொள்ளப்பட்டு, காலக்கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தாள்கள் கடல் கடந்து போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பே வந்துவிடுவதும் உண்டு. இந்தக் குறையைக் களையவும், வழக்குத் தாள்கள் நாடு விட்டு நாடு செல்ல ஒழுங்கான பாதை அமைக்கவும் 1965 நவம்பர் 15 அன்று ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 1969இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு உறுப்பு நாடும் ஒரு மைய அதிகார அமைப்பை நியமிக்க வேண்டும். பிற நாட்டுக் கோரிக்கைகளை அந்த அமைப்பு பெற்று, தன் நாட்டுச் சட்டப்படி சார்வு செய்து, செய்ததற்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்பது அதன் மைய ஏற்பாடு. தபால் வழியாக நேரடியாக அனுப்புவதை 10ஆம் பிரிவு அனுமதித்தாலும், சேரும் நாடு ஆட்சேபித்தால் அவ்வழி அடைபட்டுவிடும்.

இந்தியா இதில் 2006 நவம்பரில் இணைந்தது. 2007 ஆகஸ்ட் 1 முதல் உடன்படிக்கை இங்கு நடைமுறையில் உள்ளது. 10ஆம் பிரிவின் வழிகள் எல்லாவற்றையும் இந்தியா ஆட்சேபித்ததுடன், தாள்கள் ஆங்கிலத்திலோ ஆங்கில மொழிபெயர்ப்புடனோ இருக்க வேண்டும் என்றும் அறிவித்தது. ஆகவே நியூயார்க்கில் தொடுக்கப்படும் வழக்கு ஒன்றின் அழைப்பாணை கரூரிலுள்ள ஒரு நெசவு நிறுவனத்துக்கு வர வேண்டுமானால், அது முதலில் டெல்லியில் உள்ள சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறைக்குச் சென்று, அங்கிருந்து உரிய மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து, அந்நீதிமன்ற ஊழியர் கையால் சார்வாகி, சான்றிதழ் அதே வழியில் திரும்பிச் செல்ல வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். இலங்கையில் 2001 முதலும், சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 1 முதலும் இவ்வுடன்படிக்கை நடைமுறையில் உள்ளது.

இந்த நீண்ட சுற்றைத் தவிர்க்கவே வணிக ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் சில ஷரத்துகள் இடம்பெறுகின்றன. சில ஒப்பந்தங்கள், இன்ன முகவரிக்குக் கூரியரிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் போதும் என்று முறையை மட்டும் வகுக்கின்றன. சில, வழக்கு நடக்கக்கூடிய நாட்டிலேயே ஒருவரைச் சார்வு முகவராக, அதாவது ஒரு தரப்பின் பெயரால் அழைப்பாணையைப் பெற்றுக்கொள்ள உரிமை பெற்றவராக, நியமித்துவிடுகின்றன. வேறு சில, முறையான சார்வுக்கான உரிமையையே விட்டுக்கொடுப்பதாக ஒரே வரியில் எழுதுகின்றன. விலை, தரம், கெடு ஆகியவற்றுக்காக வாரக்கணக்கில் பேரம் பேசுபவர்கள்கூட இந்த வரிகளை அச்சடித்த வாசகமாகக் கருதிப் படிக்காமலே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். தனக்கு எதிராக வழக்கு நடப்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எந்த அளவுக்குத் தன் கையில் இருக்கும் என்பதை முடிவு செய்யும் வரிகள் இவையே என்பதால், அவை எப்படி வளர்ந்தன, நீதிமன்றங்கள் அவற்றுக்கு எங்கே எல்லை கட்டின என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இந்த வழக்கத்தின் வேர் பழையது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 111ஆம் பிரிவு, ஓர் ஒப்பந்தத்தின் தரப்பினர் அதன் நிறைவேற்றத்துக்கென உண்மையான உறைவிடம் அல்லாத வேறோர் இடத்தைத் தம் உறைவிடமாகத் தெரிந்தெடுக்கலாம் என்றும், அறிவிப்புகளை அங்கேயே சேர்ப்பிக்கலாம் என்றும் கூறியது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நிறுவனங்களில் பங்கு வாங்கிய ஆங்கிலேயர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தார்கள். 1849இல் தீர்ப்பான வாலே எதிர் டூமர்க் வழக்கிலும், 1870களின் நடுவில் இங்கிலாந்தின் இரண்டு நிலை நீதிமன்றங்களில் நடந்த கோப்பின் எதிர் ஆடம்சன் வழக்கிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: பாரிஸில் வழக்கு நடந்ததே தமக்குத் தெரியாது என்று சொல்லும் ஆங்கிலப் பங்குதாரரை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துமா? கோப்பின் வழக்கில் நிறுவன விதிகள், பங்குதாரர் ஒவ்வொருவரும் பாரிஸில் ஓர் உறைவிடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்றும், தவறினால் அரசு வழக்குரைஞர் அலுவலகமே அவர் உறைவிடமாகக் கொள்ளப்படும் என்றும் கூறின. பங்கு வாங்கியவர் அந்த விதிகளுக்கு ஒப்புக்கொண்டே வாங்கினார் என்பதால் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று ஆங்கில நீதிமன்றங்கள் முடிவு செய்தன. அவருக்கு உண்மையில் தெரிந்ததா என்பது அங்கே கேள்வியாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஒப்புதல் இருந்தது என்பதே போதுமானதாயிற்று.

தமிழர் வணிக வரலாற்றோடும் இக்கோட்பாட்டுக்குத் தொடர்பு உண்டு. அயல்நாட்டு நீதிமன்றத்துக்கு உட்படாத ஒருவருக்கு எதிராக, அவர் இல்லாதபோது வழங்கப்படும் தீர்ப்பு பிற நாடுகளில் செல்லாது என்று 1894இல் பரீத்கோட் சமஸ்தானம் தொடர்பான வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் கூறியது. பர்மா, மலாயா, இலங்கை எங்கும் செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல் பரவியிருந்த காலத்தில், சென்னை உயர் நீதிமன்றம் இராமநாதன் செட்டியார் எதிர் காளிமுத்துப் பிள்ளை வழக்கில், எந்தெந்தச் சூழல்களில் அயல்நாட்டு நீதிமன்றத்துக்கு ஒருவர் மீது அதிகாரம் உண்டு என்று வரிசைப்படுத்தியது. அந்த நாட்டின் குடிமகனாக இருத்தல், வழக்குத் தொடங்கும்போது அங்கே வசித்தல், தானே வாதியாக அந்த நீதிமன்றத்தை நாடுதல், அழைப்பாணை கிடைத்துத் தானாக முன்வந்து ஆஜராதல் ஆகியவற்றோடு, அந்த நீதிமன்றத்துக்கு உட்படுவதாக வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ ஒப்பந்தம் செய்திருத்தலும் அப்பட்டியலில் சேர்ந்தது. 1914ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவான அந்த வரிசையை இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாள்கின்றன. எனவே ஒப்பந்த ஷரத்து ஒன்றின் வழியே அயல்நாட்டு நீதிமன்றத்தின் பிடிக்குள் வருவது இங்குள்ள சட்டத்துக்குப் புதிதன்று.

கோப்பின் வழக்கின் நெறியை அப்படியே எல்லோருக்கும் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை 1964 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு மிக நெருக்கமாகக் காட்டுகிறது. மிச்சிகன் மாநிலத்து விவசாயிகள் இருவர் கோழிப் பண்ணைக்கான அடைகாக்கும் இயந்திரங்கள் இரண்டை நியூயார்க் நிறுவனம் ஒன்றிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கத்துக்கும் குறைவான அச்சுத் தாள். 18 எண்ணிட்ட பத்திகள். கையெழுத்துக்கு நேர் மேலே இருந்த கடைசிப் பத்தி, நியூயார்க் மாநிலத்துக்குள் அழைப்பாணை பெறுவதற்கான தங்கள் முகவராக ஒரு பெண்மணியை அந்த விவசாயிகள் நியமிப்பதாகக் கூறியது. அவரை அவர்கள் கண்டதில்லை. அவர் அந்தக் குத்தகை நிறுவனத்தின் அதிகாரி ஒருவருடைய மனைவி. அழைப்பாணை வந்தால் அதை விவசாயிகளுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்ற கடமை எதையும் ஒப்பந்தம் அவர் மீது சுமத்தவில்லை. குத்தகைப் பணம் நிலுவையானபோது நிறுவனம் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்து, அழைப்பாணையை அவரிடம் கொடுத்தது. அவர் அன்றே அதை மிச்சிகனுக்குத் தபாலில் அனுப்பினார்.

5க்கு 4 என்ற நீதிபதிகள் கணக்கில் அந்தச் சார்வு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பு ஒரு முக்கியமான வரையறையையும் கூடவே வைத்தது. முகவர் உடனே தகவல் அனுப்பியதால்தான் அந்த நியமனம் நிலைக்கிறது; அனுப்பாமல் இருந்திருந்தால் அது வேறு வழக்காகியிருக்கும் என்பது அதன் சாரம். அச்சடித்த படிவத்தின் கீழ்க்கோடியில் இருந்த ஒரு பத்தியால் விவசாயிகளை வெகு தொலைவிலுள்ள நீதிமன்றத்துக்கு இழுப்பதைச் சிறுபான்மை நீதிபதிகள் கடுமையாக மறுத்தார்கள். எதிர்த்தரப்பு அதிகாரியின் மனைவியையே முகவராக ஏற்றது பெரும்பான்மையின் தவறு என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அது போட்ட எல்லைக்கோடு சரியானது: தகவல் வரும் வடிவத்தை ஒப்பந்தத்தால் மாற்றிக்கொள்ளலாம், தகவலே வராமல் போவதற்கு ஒப்பந்தத்தை அனுமதிச் சீட்டாக்கக் கூடாது.

இன்றைய பன்னாட்டுக் கடன் ஒப்பந்தங்கள் இந்தக் கோட்டைத் தாண்டியே எழுதப்படுகின்றன. லண்டன் சந்தையில் புழங்கும் மாதிரி வாசகங்களில், கடன் வாங்கும் அயல்நாட்டு நிறுவனம் இங்கிலாந்தில் ஒரு சார்வு முகவரைத் திரும்பப் பெற முடியாதபடி நியமிப்பதோடு, அந்த முகவர் தனக்குத் தகவல் சொல்லத் தவறினாலும் நீதிமன்ற நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆண்டுக் கட்டணம் பெற்றுக்கொண்டு இத்தகைய முகவராக இருப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ளன. வங்கியின் பார்வையில் இந்த வாசகத்துக்கு நியாயம் உண்டு. கடன்பட்டவர் தன் முகவருக்குக் கட்டணம் செலுத்தாமல் விட்டுவிட்டு அதையே தப்பிக்கும் வழியாக்கிக்கொள்ளக் கூடும். சொந்தமாகச் சட்டத் துறை வைத்திருக்கும் பெருநிறுவனம் கண் திறந்து இதில் கையெழுத்திடுமானால் அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதே வாசகம் சிறு ஏற்றுமதியாளரின் கொள்முதல் ஆணைக்குப் பின்புறம் பொடி எழுத்தில் வரும்போதுதான் அது அநீதிக்கு வழி திறக்கிறது.

உள்நாட்டு முகவர் இருக்கும்போது ஹேக் உடன்படிக்கைக்கே வேலை இல்லாமல் போகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு தாளைச் சார்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய தேவை எழும்போது மட்டுமே உடன்படிக்கை பொருந்தும் என்று அதன் முதல் பிரிவு சொல்கிறது. அந்தத் தேவை எழுகிறதா என்பதை வழக்கு நடக்கும் நாட்டின் சட்டமே தீர்மானிக்கும் என்று 1988இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு எதிரான ஷ்லங்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஜெர்மன் தாய் நிறுவனத்தின் அமெரிக்கத் துணை நிறுவனத்திடம் தாள்களைக் கொடுத்ததே போதும். எதுவும் கடல் கடக்க வேண்டியிராததால் உடன்படிக்கையைப் பற்றிய பேச்சே எழாது என்பது தீர்ப்பு. உடன்படிக்கையின் கதவு எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு நாடும் தானே வரைந்துகொள்ளலாம் என்ற இந்த நிலை, பிறகு வந்த ஒரு பெரிய வழக்குக்குப் பாதை வகுத்தது.

2008 பிப்ரவரியில் ராக்ஃபெல்லர் பெயர் தாங்கிய ஆசிய முதலீட்டு நிறுவனம் ஒன்றும், எழுத்துருக்கள் வடிவமைக்கும் சாங்ஜோ நகரத்துச் சைனோடைப் நிறுவனமும் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்குவது பற்றி நான்கே பக்கத்தில் புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. அதன்படி அறிவிப்புகள் ஆங்கிலத்தில், குறிப்பிட்ட முகவரிக்கு, ஃபெடரல் எக்ஸ்பிரஸ் அல்லது அதையொத்த கூரியரில் அனுப்பப்பட்டு, மின்னஞ்சலிலோ தொலைநகலிலோ நகல் செல்ல வேண்டும். கூரியரிடம் ஒப்படைத்த மூன்று வேலைநாளில் அது கிடைத்ததாகக் கொள்ளப்படும். இரு தரப்பும் கலிஃபோர்னியா நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு உட்படுவதாகவும், வழக்குத் தாள்களும் இதே முறையில் சார்வு செய்யப்படுவதற்குச் சம்மதிப்பதாகவும் அடுத்த பத்தி கூறியது. தகராறு வந்தால் லாஸ் ஏஞ்சலிஸில் நடுவர் தீர்ப்பாயம் முடிவு செய்யும் என்று அதற்கடுத்த பத்தி சொன்னது.

தகராறு வந்தது. நடுவர் முன் நடந்த விசாரணையில் சீன நிறுவனம் ஆஜராகவில்லை. 2013 நவம்பரில் அதற்கு எதிராக 41 கோடியே 46 லட்சம் அமெரிக்க டாலருக்கு நடுவர் தீர்ப்பு வந்தது. அதை நீதிமன்றத் தீர்ப்பாக்கக் கோரும் மனுவும் அழைப்பாணையும் கூரியரிலும் மின்னஞ்சலிலுமே அனுப்பப்பட்டன. அப்போதும் யாரும் வரவில்லை. 2014 அக்டோபரில் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை உறுதி செய்தது. 2016இல்தான் சைனோடைப் வந்து, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரியது. தபால் வழிச் சார்வைச் சீனா ஆட்சேபித்துள்ளது, ஹேக் உடன்படிக்கையின்படி சீன மைய அமைப்பின் மூலமே தாள்கள் வந்திருக்க வேண்டும், ஆகவே தன் மீது நீதிமன்றத்துக்கு அதிகாரமே ஏற்படவில்லை என்பது அதன் வாதம். விசாரணை நீதிமன்றம் மறுத்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2020 ஏப்ரல் 2 அன்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் மீண்டும் மாற்றி, ராக்ஃபெல்லர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் நுட்பமானது. தனிமனிதர்கள் இருவர் சேர்ந்து ஓர் அரசின் ஆட்சேபத்தைச் செல்லாததாக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உடன்படிக்கை முறையான சார்வைப் பற்றியது. கலிஃபோர்னியச் சட்டப்படி, தரப்பினர் முறையான சார்வையே விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக வேறோர் அறிவிப்பு முறையை ஏற்றுக்கொள்ளலாம். இங்கே நடந்தது அதுதான். சார்வே தேவைப்படாதபோது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய சார்வுத் தாள் என்று எதுவுமில்லை. எனவே உடன்படிக்கையை மீறுவதற்கும் இடமில்லை என்பது அதன் வழி. நடுவர் ஒப்பந்தத்தில் சொன்ன முறையிலேயே மனுவைச் சேர்ப்பிக்கலாம் என்று கலிஃபோர்னியச் சட்டம் தெளிவாகக் கூறுவதையும் அது துணைக்கு எடுத்துக்கொண்டு, தன் முடிவு குறுகிய எல்லைக்குள் நிற்பது என்றும் குறிப்பிட்டது.

இத்தீர்ப்பை ஆதரிக்க வலுவான காரணம் உண்டு. உடன்படிக்கையின் நோக்கம் பிரதிவாதிக்குக் காலத்தில் தகவல் சேர்வதே. அந்தத் தகவல் எப்படி வர வேண்டும் என்று அவரே எழுதிக்கொடுத்த பிறகு, அதே வழியில் வந்ததைக் காட்டிப் புகார் சொல்வது ஒப்பந்த நேர்மைக்கு ஒவ்வாது. ஆனால் சீனாவோ இந்தியாவோ 10ஆம் பிரிவை ஆட்சேபித்தது பிரதிவாதியைக் காக்க மட்டுமன்று. தம் மண்ணில் அரசுச் செயல் யார் கையால் நடக்க வேண்டும் என்பதற்காகவும்தான். அந்த இரண்டாவது நோக்கத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை எந்த வணிகருக்கும் இல்லை. கலிஃபோர்னிய நீதிமன்றம் ‘சார்வு’ என்ற பெயரை ‘அறிவிப்பு’ என்று மாற்றியதால் இந்த இடைவெளி மறைந்துவிடவில்லை. இத்தகைய தீர்ப்பைப் பிரதிவாதியின் நாட்டில் நிறைவேற்றக் கொண்டுவரும்போது அது மறுபடியும் தலைகாட்டும். சொத்து கலிஃபோர்னியாவில் இருந்தால் ஷரத்து உதவும். சொத்து முழுவதும் சொந்த நாட்டில் இருந்தால், அவசரத்துக்காக எழுதிய அதே ஷரத்து நிறைவேற்றும் கட்டத்தில் சுமையாகலாம். இதை உணர்ந்த வக்கீல்கள் ஷரத்து கையில் இருந்தாலும் மைய அமைப்பின் வழியாகவும் இணையாக ஒரு நகலை அனுப்பிவைக்கிறார்கள்.

இங்கிலாந்து இந்த விஷயத்தில் நேரடியாகவே விதி எழுதிவிட்டது. அங்குள்ள உரிமையியல் நடைமுறை விதிகளில் 6.11 என்னும் விதி, ஒப்பந்தத்தில் குறித்த முறையில் அழைப்பாணையைச் சேர்ப்பிக்கலாம் என்கிறது. 2021 ஏப்ரல் முதல், ஆங்கில நீதிமன்றத்தைத் தெரிந்தெடுக்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால் வெளிநாட்டில் சார்வு செய்ய நீதிமன்றத்தின் முன் அனுமதியும் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கவனமாக நடந்திருக்கிறது. 2022 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள அதன் ஒழுங்குவிதி, உறுப்பு நாடுகளுக்கிடையே மின்னஞ்சல் வழிச் சார்வை அனுமதித்தாலும், அந்தக் குறிப்பிட்ட வழக்கிலேயே பெறுபவர் முன்கூட்டி வெளிப்படையாகச் சம்மதித்திருக்க வேண்டும், கிடைத்தது என்று அவர் ஒப்புகையும் தர வேண்டும் என்கிறது. ‘கிடைத்ததாகக் கொள்ளப்படும்’ என்ற கற்பனைக்கும் ‘கிடைத்தது’ என்ற ஒப்புகைக்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு நிபந்தனை காட்டிவிடுகிறது.

அரசுகளே ஒப்பந்தக்காரர்களாகும்போதும் ஷரத்துக்கே முதலிடம். அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டு அயல்நாட்டு இறையாண்மை விலக்குச் சட்டம், அயல்நாட்டு அரசுக்குச் சார்வு செய்யும் வழிகளை வரிசைப்படுத்தும்போது, இரு தரப்புக்குமிடையே உள்ள சிறப்பு ஏற்பாட்டை முதலில் வைக்கிறது. அப்படி ஏற்பாடு எதுவுமில்லாமல், வாஷிங்டனிலுள்ள சூடான் தூதரகத்துக்குத் தபால் அனுப்பி நடத்திய வழக்கொன்றில், வெளியுறவு அமைச்சருக்கு அவர் நாட்டிலுள்ள அலுவலக முகவரிக்கே அனுப்பியிருக்க வேண்டும் என்று கூறி 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சார்வைத் தள்ளியது.

இந்தியச் சட்டத்தில் ஒப்பந்தவழிச் சார்வுக்கு இடம் அரைகுறையாகவே இருக்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை 6ஆம் விதி, நீதிமன்ற எல்லைக்குள் வசிக்கும் எவரையும் அழைப்பாணை பெறும் முகவராக எழுத்து மூலம் நியமிக்கலாம் என்றும், அந்தப் பத்திரம் நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும் என்றும் கூறுகிறது. 5ஆம் கட்டளை சார்வின் வழிகளை விரிவாகச் சொன்னாலும், ஆங்கில விதி 6.11 போல, ஒப்பந்தத்தில் கண்ட முறையே போதும் என்று எங்கும் நேராகச் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றம் மின்னஞ்சல், வாட்ஸ்ஆப் போன்றவற்றின் மூலமும் சார்வு செய்யலாம் என்று இடமளித்தது. அதுவும் நீதிமன்றத்தின் ஏற்பாடே தவிர ஒப்பந்தத்தின் ஆற்றலுக்குக் கிடைத்த ஏற்பு அன்று.

எனினும் இந்தியச் சட்டம் சரியான உரைகல் ஒன்றைத் தன்னிடமே வைத்திருக்கிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்வது பற்றிய 9ஆம் கட்டளை 13ஆம் விதிக்கு 1976இல் சேர்க்கப்பட்ட வரம்புரை, விசாரணை நாள் பிரதிவாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் மனநிறைவு அடைந்தால், சார்வில் உள்ள ஒழுங்கீனத்தை மட்டும் காரணமாக்கித் தீர்ப்பை ரத்து செய்யக் கூடாது என்கிறது. அயல்நாட்டுத் தீர்ப்புகளைப் பற்றிய 13ஆம் பிரிவு, இயற்கை நீதிக்கு மாறான நடவடிக்கையில் பெறப்பட்டதும், வழக்கின் தகுதியை ஆராயாமல் வழங்கப்பட்டதும் இங்கே கட்டுப்படுத்தாது என்கிறது. இங்கிலாந்திலிருந்து கம்பளி வாங்கிய இந்திய ஆலை ஒன்றின் மீது அங்கே பெறப்பட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பை, தகுதி ஆராயப்படவில்லை என்ற காரணத்தால் நிறைவேற்ற முடியாது என்று 2001இல் இன்டர்நேஷனல் வூலன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அயல்நாட்டு நடுவர் தீர்ப்பானால், நடுவர் நியமனம் பற்றியோ விசாரணை பற்றியோ உரிய அறிவிப்பு கிடைக்கவில்லை என்று நிறுவுபவர், 1996ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் 48ஆம் பிரிவின் கீழ் அதன் நிறைவேற்றத்தைத் தடுக்கலாம். இவை எல்லாவற்றிலும் சட்டம் கேட்பது ஒரே கேள்வி: அவருக்குத் தெரிந்ததா, பதில் சொல்ல அவகாசம் இருந்ததா?

இந்தப் பாதுகாப்புகளை நம்பி ஷரத்தைப் படிக்காமல் விடுவது ஆபத்து. இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற பரஸ்பர நாடுகளின் உயர் நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேராகவே நிறைவேற்று மனு போட்டு அமலாக்கலாம். 2020 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகமும் அந்த வரிசையில் உள்ளது. அமெரிக்கா அதில் இல்லை. அங்குள்ள தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டும். ஆனாலும் திருப்பூரிலோ ஆம்பூரிலோ இருந்து சரக்கு அனுப்பும் ஒருவருக்கு அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பணமே அங்கே முடக்கப்பட்டால், தீர்ப்பு இந்தியாவுக்கு வர வேண்டிய அவசியமே இருக்காது.

ஆகவே கையெழுத்திடுபவர் பார்க்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. முகவரி இன்று புழக்கத்தில் உள்ளதுதானா, மாறினால் தெரிவிக்கும் கடமை யாருடையது. குறித்துள்ள மின்னஞ்சல் வேலையை விட்டுப்போன ஊழியருடையதா, நிறுவனத்தின் பொது முகவரியா. கூரியருடன் மின்னஞ்சலும் சேர்த்தே அனுப்ப வேண்டுமா, ஏதேனும் ஒன்று போதுமா. கிடைத்ததாகக் கொள்ளப்படும் நாள் எத்தனையாவது நாள். சாதாரண வணிக அறிவிப்புகளுக்கான முறையே வழக்குத் தாள்களுக்கும் பொருந்துமா. முகவர் யார், அவர் எதிர்த்தரப்பைச் சார்ந்தவரா, தகவல் அனுப்பும் கடமை அவருக்கு உண்டா என்பவை அவை. ராக்ஃபெல்லர் ஒப்பந்தத்தில் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு விடை சொல்லியவை இரண்டே பத்திகள்.

தனியார் எச்சரிக்கையோடு இது முடிந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் கண்ட முறையில் சார்வு செய்வதை ஏற்றுக்கொள்ளும் விதி ஒன்றை நாடாளுமன்றம் 5ஆம் கட்டளையில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். முகவர் எதிர்த்தரப்பைச் சாராதவராக இருக்க வேண்டும், பெற்ற தாள்களை அவர் உடனே அனுப்பக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும், அவர் அனுப்பத் தவறியது நிறுவப்பட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யும் வாய்ப்பை எந்த ஷரத்தாலும் பறிக்க முடியாது என்ற மூன்று நிபந்தனைகளையும் அந்த விதியிலேயே எழுத வேண்டும்.